உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டை மாடி வானத்துக்கு ஒரு வழிகாட்டி

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பார்: "பேர், நட்சத்திரம்?" நாம் யோசிக்கவே மாட்டோம். ரோகிணி, மகம், கேட்டை என்று வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒப்பித்துவிடுவோம். அந்த ரோகிணியை வானத்தில் காட்டுங்கள் என்றால் மட்டும் முழிப்போம். எனக்கும் முப்பது வயது தாண்டும்வரை அப்படித்தான் இருந்தது. ரோகிணி என்பது காலண்டரில் அச்சடிக்கிற ஒரு சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஆரஞ்சு நிறத்தில் எரிகிற ஒரு சூரியன், அதைத் தை மாதத்து ராத்திரியில் மாடியில் நின்றே பார்க்கலாம் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு, வான வரைபடம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு 88 விண்மீன் குழுக்களையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பது. இரண்டாம் நாளே அலுத்துவிடும். கரடி, சிங்கம், கன்னி என்று படத்தில் கோடு போட்டிருப்பார்கள். வானத்தில் கோடு ஏது? பெரிய நட்சத்திரங்களை மட்டும் முதலில் பிடியுங்கள். முதல் தரப் பிரகாசம் என்று சொல்லத்தக்கவை மொத்தமே 21தான். தமிழ்நாடு, இலங்கை இரண்டும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், வருஷத்தில் ஏதாவது ஒரு சமயத்தில் இந்த 21ஐயும் நாம் பார்த்துவிடலாம். லண்டனில் இருப்பவருக்கு இவற்றில் 6 அடிவானத்துக்கு மேலே வரவே வராது. இந்த விஷயத்தில் நமக்கு யோகம்தான்.

டெலஸ்கோப் வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் கொஞ்ச நாள் பரணில் இருக்கட்டும்.

மாடி ஏறும் முன்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டுப் போன வானம், பெரும்பாலும் மேகம் இருக்காது. அதே மாதங்களில்தான் பிரகாசமான நட்சத்திரங்கள் கூட்டமாக மாலையிலேயே மேலே இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையும் பிப்ரவரி மாதத்தில், இரவு எட்டரை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது.

மாடியில் டியூப்லைட் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு பாயைக் கொண்டுபோங்கள். நாம் முதலில் பார்க்கப்போவது கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுத்துப் பார்ப்பதுதான் சுகம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு வாட்ஸாப் செய்தியைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்துதான். டார்ச் தேவைப்பட்டால் மேலே சிவப்பு செல்லோபேன் தாள் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

சென்னை மாதிரி ஊரில் இதெல்லாம் தெரியுமா என்று கேட்பீர்கள். முதல் தரமானவை தெரியும். பால்வீதி தெரியாது, அவ்வளவுதான். உண்மையில் புதிதாகத் தொடங்குபவருக்கு நகரத்து வானம் ஒருவகையில் சௌகரியம். கிராமத்து இருட்டில் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கும்போது பெரியது எது சின்னது எது என்று குழம்பிவிடும்.

பிரகாசத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். பள்ளிக்கூட ரேங்க் மாதிரிதான் அது, எண் குறையக் குறைய உசத்தி. வெறும் கண்ணுக்கு எட்டும் மங்கலான நட்சத்திரத்துக்கு 6. அதைவிட நூறு மடங்கு பிரகாசமானதற்கு 1. அதற்கும் மேலே போனால் பூஜ்யம், பிறகு மைனஸ்.

கையே அளவுகோல்

கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சுண்டுவிரலின் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் பிடித்தால் 20 டிகிரிக்கு மேல். குழந்தையின் கை சின்னது, ஆனால் நீட்டினால் அந்தக் கை கண்ணுக்குக் கிட்டேயே இருக்கும். அதனால் கணக்கு அவர்களுக்கும் ஏறக்குறைய சரியாக வரும்.

முதல் ராத்திரி: மூன்று புள்ளி

தெற்கே கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக, சம இடைவெளியில், ஒரே கோட்டில் இருக்கும். மூன்றும் சேர்ந்து இரண்டு விரல் அகலம்தான். வானத்தில் இப்படி இன்னொரு வரிசை கிடையாது, சந்தேகமே வராது. ஓரியன் என்கிற வேடனின் இடுப்புக் கச்சை இது. இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கச்சைக்கு ஒரு முஷ்டி வடக்கே, சிவந்த நட்சத்திரம் ஒன்று. அதுதான் திருவாதிரை. உலகம் பெடல்ஜூஸ் என்கிறது. கச்சைக்குத் தெற்கே அதே தூரத்தில் நீலம் கலந்த வெள்ளையாக இன்னொன்று, ரைகல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். நட்சத்திரம் எல்லாமே வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு நிறம் முதன்முதலாகத் தெரிவது இங்கேதான். சிவப்பு என்றால் குங்குமச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், தணல் ஆறிவருகிற நிறம் அது. அப்படியும் பிடிபடவில்லை என்றால், பைனாகுலர் இருந்தால் அதன் ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி ஒரு சின்ன வட்டமாக விரியும், நிறம் பளிச்சென்று வரும்.

திருவாதிரை கொஞ்சம் சபலக்காரர், பிரகாசம் ஏறி இறங்கும். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரிவரை அது மங்கிப்போனது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெடிக்கப்போகிறது என்று செய்தி பறந்தது. நட்சத்திரம் தானே கக்கிய தூசு மேகம் முன்னால் வந்து மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இப்போது கச்சையின் மூன்று புள்ளிகளை வைத்து ஒரு கோடு இழுங்கள். தென்கிழக்குப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போனால் கண்ணைப் பறிக்கிற ஒரு வெள்ளை நட்சத்திரத்தில் முட்டும். அது சிரியஸ். இரவு வானத்து நட்சத்திரங்களில் இதுதான் முதல் ரேங்க், எண் மைனஸ் 1.46. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது பச்சை, சிவப்பு, நீலம் என்று வைரத்தோடு மாதிரி ஜொலிக்கும். அதன் ஒளி நம்மை வந்தடைய 8.6 வருஷம் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள், அவள் பிறந்த சமயத்தில் கிளம்பிய வெளிச்சம் அது.

அதே கோட்டை எதிர்ப்பக்கமாக, வடமேற்கே ஒரு சாண் இழுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒற்றை நட்சத்திரம். ரோகிணி! வெளியில் அல்டெபரான் என்று பெயர். இன்னும் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடப் போனால், கைப்பிடி கடுகை வீசியதுபோல் ஒரு குட்டிக் கூட்டம். கார்த்திகை அது. நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும், அதனால்தான் பழந்தமிழில் அறுமீன். நகரத்து வெளிச்சத்தில் நேரே உற்றுப் பார்த்தால் கார்த்திகை வெறும் புகைபோலத் தெரியும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து ஓரக்கண்ணால் பாருங்கள், பிரிந்து தெரியும்.

முதல் நாளுக்கு இது போதும். ஆசை அடங்கவில்லை என்றால் ரைகல், ரோகிணி, வடக்கே உயரத்தில் மஞ்சளாக நிற்கும் கபெல்லா, புனர்பூசத்தின் இரட்டையரில் பெரியதான போலக்ஸ், அப்புறம் புரோசியான், சிரியஸ் என்று சுற்றி வாருங்கள். திருவாதிரையை நடுவில் விட்டுப் பெரிய அறுகோணம் ஒன்று கிடைக்கும். பிப்ரவரி ஒன்பது மணிக்கு அது பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அகத்தியர்

சிரியஸிலிருந்து நேர் தெற்கே, ஒன்றரைச் சாண் கீழே இறங்குங்கள். அங்கே தனியாக ஒரு பெரிய நட்சத்திரம் நிற்கிறதே, அது கனோபஸ். பிரகாசத்தில் உலகத்துக்கே இரண்டாவது. நம்மூரில் அதற்கு அகத்தியர் என்று பெயர். வடக்கேயிருந்து தெற்கே வந்த முனிவரின் பெயரை இந்த நட்சத்திரத்துக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தெற்கே போகப் போகத்தான் இது உயரும். வட அட்சம் 37 டிகிரிக்கு மேலே இருப்பவர்களுக்கு அகத்தியர் தரிசனமே கிடையாது. சென்னையில் உச்சமாக 24 டிகிரி உயரம் வரை வருவார், ஏறக்குறைய ஒரு சாண். கன்னியாகுமரியில் 29. ஆகவே ஊர்ப் பயணத்தில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

துருவ நட்சத்திரத்தின் கதை நேர்மாறு. நாம் எந்த அட்சத்தில் இருக்கிறோமோ அதே உயரத்தில்தான் அது நிற்கும், சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். வானத்திலேயே பிரகாசமானது துருவ நட்சத்திரம்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முதல் தரத்திலேயே இல்லை, இரண்டாம் தரம்.

காலண்டர் தாளும் நிலாவும்

இதுதான் எனக்குப் பிடித்த வழி. பாடப்புத்தகம் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை, ஆனால் நம் சமையலறைச் சுவரிலேயே தொங்குகிறது.

தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுவோம். அதே தாளில் "ரோகிணி மாலை 5.40 வரை, பின்பு மிருகசீரிடம்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நிலா அந்த நேரம்வரை வானத்தின் ரோகிணிப் பகுதியில் இருக்கிறது, பிறகு அடுத்த பகுதிக்குப் போகிறது. நிலா ஒரு நாளைக்கு 13 டிகிரி, அதாவது ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகம், கிழக்கே நகர்கிறது. 27 நாளும் சில மணி நேரமும் ஆனால் ஒரு சுற்று முடிந்துவிடும். வழியில் வைத்த 27 மைல்கற்கள்தான் நம் நட்சத்திரங்கள். உங்கள் ஜன்ம நட்சத்திரம் ரோகிணி என்றால், நீங்கள் பிறந்தபோது நிலா அந்தப் பக்கம் இருந்தது என்று பொருள்.

அப்படியானால் இதைத் திருப்பிப் போடலாம் இல்லையா? வளர்பிறையில், இரவு எட்டு மணிக்குத் தாளில் என்ன நட்சத்திரம் என்று பாருங்கள். ரோகிணி என்று இருந்தால் மாடிக்குப் போய் நிலாவைச் சுற்றி ஒரு முஷ்டி தூரத்துக்குள் தேடுங்கள். ஆரஞ்சாக ஒன்று தென்படும். டிசம்பர் முதல் மார்ச் வரை ரோகிணிக்கு இது பலிக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை மகம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சித்திரை.

பண்டிகைகளும் இதே கணக்குதான். மாசி மகத்தன்று முழு நிலா மகத்துக்குப் பக்கத்தில், சித்திரா பௌர்ணமியன்று சித்திரைக்குப் பக்கத்தில், திருக்கார்த்திகையன்று கார்த்திகைக்குப் பக்கத்தில். ஆனால் கார்த்திகை மங்கலான கூட்டம் என்பதால் தீபத்தன்று நிலா வெளிச்சம் அதை விழுங்கிவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

எல்லா நட்சத்திரத்துக்கும் இந்த உபாயம் செல்லாது. நிலாவின் பாதையை ஒட்டி இருப்பவற்றுக்குத்தான் சரிவரும். சுவாதி அந்தப் பாதைக்கு 30 டிகிரி வடக்கே இருக்கிறது, திருவோணமும் கிட்டத்தட்ட அப்படித்தான். திருவாதிரை ஒன்றரை முஷ்டி தெற்கே தள்ளியிருக்கிறது. அன்றைக்கு நிலாவுக்குப் பக்கத்தில் தேடினால் ஏமாற்றம்தான். கேட்டையில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தச் சிவப்பு நட்சத்திரமான அன்டாரெஸ், அனுஷம் முடிந்து கேட்டை தொடங்குகிற எல்லையிலேயே இருக்கிறது. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை, அனுஷம் முடிகிற ராத்திரியில் பார்ப்பது உத்தமம். கேட்டை பாதி போனபின் பார்த்தால் நிலா அதைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும்.

வேஷக்காரர்கள்

நீங்கள் பிடித்த "பெரிய நட்சத்திரம்" வரைபடத்தில் இல்லை என்றால் அது பெரும்பாலும் கிரகம். வெள்ளியும் வியாழனும் சிரியஸைவிடப் பிரகாசமானவை. கிரகம் அவ்வளவாக மின்னாது, நின்று எரியும். வெள்ளி சூரியனை விட்டு வெகுதூரம் போகாது, அதனால் அஸ்தமனத்துக்குப் பின் மேற்கே அல்லது விடியுமுன் கிழக்கே மட்டும்தான். நடுராத்திரியில் பளபளப்பது வெள்ளி கிடையாது. வியாழனைக் கண்டுபிடிக்கக் காலண்டரே போதும், குருப்பெயர்ச்சி எந்த ராசிக்கு என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பார்களே. குரு ரிஷபத்தில் என்றால் ரோகிணி இருக்கும் பக்கத்தில் தேட வேண்டும். செவ்வாய் மட்டும் கேட்டையைப் போலவே சிவப்பாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். அன்டாரெஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே "செவ்வாய்க்குப் போட்டி" என்று அர்த்தம்.

நான் ஏமாந்தது இதைவிடக் கேவலம். ஒரு வாரம் முழுக்கத் தெற்கே ஒரு சிவப்புப் புள்ளியைக் கேட்டை என்று நம்பி, நோட்டிலும் எழுதிவிட்டேன். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, தினமும் டவரையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, சிக்னல் கிடைக்கலையா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. செல்போன் கோபுரத்து விளக்கு. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. நட்சத்திரம் என்றால் மேற்கே நகர்ந்திருக்கும்.

மற்ற மாதங்கள்

மே மாதம் ஒன்பது மணிக்கு வடக்கே திரும்புங்கள். ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்துவைத்த அகப்பைபோல இருக்கும், சப்தரிஷி மண்டலம். கைப்பிடி வலப்பக்கம். அந்தப் பிடியின் வளைவை அப்படியே நீட்டினால் தலைக்கு மேலாக ஏறி, ஒன்றரைச் சாண் தள்ளி, தங்க நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரத்தைத் தொடும். சுவாதி அது, பிரகாசத்தில் நான்காவது. வளைவை இன்னும் அதே அளவு நீட்டினால் தென்கிழக்கே வெள்ளையாகச் சித்திரை. கைப்பிடியின் நடு நட்சத்திரத்தை ஒட்டி மங்கலாக ஒன்று தெரிகிறதா? கல்யாணத்தில் காட்டுகிறார்களே, அந்த அருந்ததி. பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நின்று விரல் நீட்டிய தம்பதிகள் மே மாதம் ஒருநாள் மாடி ஏறி நிஜமாகவே பார்த்துவிடலாம்.

அதே மே மாதம், தெற்கு அடிவானத்தில் சின்னதாக ஒரு சிலுவை நிற்கும். நம்மவர்கள் திரிசங்கு என்பார்கள். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அவற்றில் சிலுவையிலிருந்து தள்ளி நிற்பது ஆல்ஃபா சென்டாரி, நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு. சென்னையிலிருந்து இது ஒன்றரை முஷ்டி உயரம்தான் வரும், தெற்கே கட்டடம் இருந்தால் போச்சு. தனுஷ்கோடி, கன்னியாகுமரி மாதிரி தெற்கே கடல் திறந்திருக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் மேகம் விலகும் ராத்திரிகளில் உச்சியை ஒட்டி ஒரு பெரிய முக்கோணம். வடக்கே வேகா என்கிற அபிஜித், வடகிழக்கே டெனெப், தெற்கே திருவோணம். திருவோணத்துக்கு இருபக்கமும் இரண்டு மங்கலான காவலர்கள் நிற்பார்கள், அதுதான் அடையாளம். திருநெல்வேலிக்காரர்களுக்குத் திருவோணம் நேர் உச்சந்தலைக்கு மேல் போகும். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த யோகம் மகத்தால் கிடைக்கிறது, ஏப்ரல் முதல் வாரம் ஒன்பது மணிக்குப் பார்க்கலாம்.

அக்டோபர், நவம்பரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழை விட்டால் தெற்கே தனியாக ஃபோமல்ஹாட் தெரியும். மற்றபடி குடைதான்.

ஆப், நோட்டு

ஸ்டெல்லாரியம் போன்ற ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் முதலில் நீங்களே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, சரியா என்று பார்க்க மட்டும் திறங்கள். போனின் திசைகாட்டி சில சமயம் தப்பாகக் காட்டும், இரும்புக் கம்பி, தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம்.

கையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எந்த நட்சத்திரம், எதற்கு மேலே நின்றது என்று ஒரே வரி. நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிஷம் முன்னதாகவே வந்துவிடும், மாதத்துக்கு 2 மணி நேரம். பிப்ரவரி 15ஆம் தேதி ஒன்பது மணிக்கு எதிர்வீட்டுத் தென்னைக்கு மேலே சிரியஸ் என்று எழுதியிருந்தால், மார்ச் 15 அன்று இருட்டியதும் ஏழு மணிக்கே போய்ப் பாருங்கள். அதே தென்னை, அதே மட்டைக்கு மேலே நிற்கும்.